பெற்றீசியா வேர் பார்க்கிறாள்

கண்டி பஸ் ஸ்டான்டில், மடுல்கெல்ல பஸ் புறப்பட இன்னும் நேரமிருக்கிறது என்று கண்டக்டர் சொன்னதும் பெற்றீசியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மதிலோரம் போய்க் குந்திவிட்டாள். மதிலுக்கும் சீமெந்துத் தரைக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு வெடிப்பு. அதற்குள்ளிருந்து ஒரு குப்பைமேனி தலை நீட்டியிருக்கிறது. அடித்தண்டைப் பிடித்து இப்படி ஓர் அசைப்பு, அப்படி ஓர் அசைப்பு, பிறகு நேரே மேலே ஓர் இழுப்பு. வந்துவிட்டது. மண்ணை உதறி, வேரை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். "ம்ஹும். பக்கத்துலயே ஓடிருக்கு. கீழ எறங்கவேயில்ல, சோம்பேறி" என்று அந்தச் செடியிடமே சொல்லிவிட்டு அதை மதில்மேல் வைத்தாள்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவளுக்கு அது பழகிப்போயிற்று. நாட்டு மருந்துக்குப் பிடுங்குகிறாள் என்று நினைத்து, சீனி வருத்தத்துக்கு எது நல்லது என்று ஒரு மனுசி கேட்டதும் உண்டு. "மருந்துக்கு இல்லீங்க. இது எப்புடி இந்தக் கல்லுக்குள்ள பூந்துச்சுன்னு பாக்குறேன்" என்றாள் பெற்றீசியா. மனுசி தன் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றுவிட்டார்.

இந்தப் பழக்கத்துக்கு இடம், பொருள், ஏவல் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனமெல்லாம் சாமியாரிடம் கைகூப்பிக்கொண்டு நிற்க, இவள் மாதா சொரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் குந்தியிருப்பாள். சொந்த மச்சாளை அடக்கம் பண்ணின அன்று, வெட்டிய குழியின் பக்கச்சுவரில் ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, கண்ணைத் துடைத்தபடியே குனிந்து, அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்தவள் இவள். "நாலு பேரு பாக்குற எடத்துல மானத்த வாங்கிப்புட்டா" என்று கபிரியேல் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். கபிரியேல் அவளுடைய புருசன்.

கேட்டால் அவளிடம் காரணம் இருக்கிறது. "நல்ல மண்ணுல நாங்கூட வளருவேன், நீங்கூட வளருவ. பஸ் ஸ்டான்டுல ஒருத்தன் வளர்றான் பாரு, அவன் வேரத்தான் நம்பலாம்" என்பாள். மிதிபட்ட இடம், வாகனம் ஏறி இறங்கிய இடம், கொத்தினால் மம்பட்டி துள்ளித் திரும்புகிற இடம், அங்கெல்லாம் எது உயிரோடு நிற்கிறது, எப்படி நிற்கிறது என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் அவளுக்கென்று வாய்த்திருக்கிற துண்டு நிலமும் அப்படிப்பட்ட ஜாதிதான்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை அறைகளில் இருந்தவர்களுக்குப் புது வீடு கட்டிக்கொடுக்க இடம் தேடியபோது, தேயிலை நிற்கிற மண்ணையா கொடுப்பார்கள்? பழைய பிரட்டுக்களத்தைக் கொடுத்தார்கள். காலையில் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற முற்றம் அது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து மழையிலும் பனியிலும் சனம் நின்று நின்று மிதித்த தரை. போதாக்குறைக்கு, கொழுந்து லொறி திரும்பியதும் அங்கேதான். அப்புறம் பெக்கோ மெசின் வந்து, மேலே கொஞ்சநஞ்சம் இருந்த கறுப்பு மண்ணையும் சரிவுக்குத் தள்ளி, மஞ்சள் களியை மட்டப்படுத்தி, அதன்மேல் முன்னும் பின்னும் ஓடிவிட்டுப் போனது. வீட்டுக்கும் சேர்த்து ஏழு பேர்ச் நிலம். வீட்டைக் கழித்தால் பின்பக்கம் ஒரு பாய் விரிப்பு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாது, ஓடவும் ஓடாது, சும்மா நிற்கும். வெயில் வந்தால் தட்டிப் பார்க்கலாம், டங் டங் என்று கேட்கும்.

"இந்த எடத்துல நானும் நின்னேன். பதினேழு வயசுலருந்து நின்னேன்" என்பாள் பெற்றீசியா. "நம்ம காலே மிதிச்சு எறுக்குன மண்ணு. இன்னொருத்தனக் கொற சொல்ல முடியுமா, சொல்லு?"

அவளை நன்றாகத் தெரியாதவர்கள், ஒரு பிடி போஞ்சிக்காய்க்காகவா இந்தப் பாடு என்று கேட்கிறார்கள். போஞ்சிக்காக இல்லை. கையில் காணி உறுதிப் பத்திரம் வந்த அன்று, அதில் தன் பெயரையும் புருசன் பெயரையும் ஒன்றுக்குக் கீழே ஒன்றாகப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருசம் கொழுந்து கிள்ளின மலையில் ஒரு செடிகூட அவளுடையது இல்லை. அடுப்பெரிக்க, விழுந்த தேயிலை மிலாறைப் பொறுக்கினால்கூடக் கேட்டுத்தான் பொறுக்க வேண்டும். இப்போது ஒரு துண்டு மண் இருக்கிறது, அது அவளுடையது, அதில் ஒன்றும் முளைக்காது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு மனுசியால் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

தூக்கத்துக்கும் நேரம் வேண்டுமே. கிழமை நாட்களில் அவள் கண்டியில்தான். பேராதனையில் படிக்கிற பெண் பிள்ளைகள் தங்கியிருக்கிற ஒரு போர்டிங்கில் சமையல். திங்கட்கிழமை விடியுமுன் முதல் பஸ் பிடித்து வத்தேகம வழியாகப் போனால், சனிக்கிழமை பின்னேரம்தான் திரும்பலாம். நாள் முழுக்க நின்றபடி வேலை. கணுக்கால் இரண்டும் வீங்கிப்போய், செருப்பு வாரை ஓட்டை மாற்றி மாற்றிப் போட்டு, இப்போது கடைசி ஓட்டையில் நிற்கிறது. பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் பன்வில வரும்வரை கண்ணைத் திறக்கமாட்டாள். கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்குவாள். "அலுத்துப் போச்சுப்பா" என்பது அவள் வாயில் மூச்சுக்கு மூச்சு வருகிற சொல். சொல்லிக்கொண்டே அடுத்த வேலைக்கு எழுந்துவிடுவாள், அதுதான் வேடிக்கை.

கபிரியேலுக்கு வேறு மாதிரி அலுப்பு. தேயிலைத் தொழிற்சாலையில் சாக்குத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். மகன் அன்ட்ரூ கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். ஆகவே திங்கள் முதல் சனி வரை கபிரியேலும் சுவரும்தான். தானாகத் தேத்தண்ணி போட்டுக் குடிப்பார், பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். "ஆறு நாளு சொவத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குறேன். ஏழாம் நாளு நீ வார, வந்ததும் வராததுமா மண்ணக் கிண்டப் போயிர்ற. எனக்கு நீ எப்பத்தான் வருவ?" என்று ஒரு நாள் கேட்டார். பெற்றீசியாவுக்குச் சுருக்கென்றது. மனுசர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அந்த வருசம் உயிர்த்த ஞாயிறு அன்றுதான் அவர் முடிவாகச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சின்னமுத்து ஒரு திரீவீலர் வைத்திருக்கிறான், சின்ன லொறி ஒன்றும் எடுக்கப்போகிறான். நிறுத்த இடமில்லை. "தரை கல்லாட்டம் இருக்குண்ணே. வண்டி நிறுத்த இதவிட எடம் ஏது?" என்று கபிரியேலிடம் நல்லபடியாகத்தான் கேட்டிருக்கிறான். வீட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வானாம். கெட்டவன் இல்லை அவன். கபிரியேலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவனும் அவன்தான்.

"இந்த வருச மழைக்குள்ள இந்த மண்ணுல ஏதாச்சும் ஒன்னு நின்னு காட்டட்டும்" என்றார் கபிரியேல். "நின்னா இருப்போம். இல்லாட்டி டிசம்பர்ல நத்தாருக்கு முந்தி சின்னமுத்துகிட்ட குடுத்துட்டு நானும் கண்டிக்கே வந்துருவேன். ஒரு ரூமாச்சும் பாத்து ஒன்னா இருப்போம். என்னா சொல்ற?"

பெற்றீசியா சரியென்றாள். வேறென்ன சொல்வாள்? அவளுக்கும் வயது ஏறுகிறது.

அதற்கு முன் அவள் செய்து பார்த்ததெல்லாம் ஊரறிந்த கதை. முதலில் அலவாங்கால் குழி போட்டுப் போஞ்சி விதை ஊன்றினாள். மழை வந்தது, குழி ஒவ்வொன்றும் கோப்பையாகித் தண்ணீர் பிடித்துக்கொண்டது, விதை ஊறி நாறிப்போனது. பிறகு, பஸ் ஸ்டான்டில் கண்ட வீரர்களிலேயே பெரிய வீரன் என்று தொட்டாற்சுருங்கியைக் கொண்டுவந்து நட்டாள். வேர் என்னமோ நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் முள்ளும் சேர்ந்து நாலா பக்கமும் இறங்கியது. சின்னமுத்துவின் பிள்ளைகள் காலில் முள்ளோடு அழுதுகொண்டு வந்து நின்றார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, அதைப் பிடுங்கி முடிக்க அவளுக்கு ஒரு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

அப்புறம் குவாட்டமாலாப் புல். தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமலிருக்குமா? கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் அந்தப் புல்லை வைத்து, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, இரண்டு வருசம் ஆறப்போட்டுத்தான் புதுக் கன்று வைப்பார்கள். பெற்றீசியாவும் வைத்தாள். ஆனால் அவளிடம் ஒரு கெட்ட குணம். நட்டதை நம்பி விட்டுவிட்டு இருக்க மாட்டாள். சனிக்கிழமை வந்து இறங்கியதும் ஒரு தூரைப் பிடுங்கி வேர் பார்ப்பாள். "எறங்கிருக்கா, எறங்கிருக்கா" என்று பார்த்துப் பார்த்தே பாதிப் புல்லைக் கொன்றுவிட்டாள். "வேரு புடிக்க விடாம வேரு பாக்குறவள நான் இப்பத்தான்டி பாக்குறேன்" என்று கபிரியேல் கத்தினார். மிச்சமிருந்த புல்லும் மேல்மண்ணில் ஒரு சாண் அளவுக்குப் பாய் பின்னினதோடு நின்றுகொண்டது. புல்லைக் குற்றம் சொல்ல முடியாது, அதற்கு அவள் அவகாசமே கொடுக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு ஒப்பந்தத்துக்குப் பிறகு சணப்பை விதைத்தாள். இடைமழையில் முழங்கால் உயரம் வந்தது, மஞ்சள் பூக்கூடப் பூத்தது. மனம் கொஞ்சம் குளிர்ந்தது. ஒன்றே ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் நேராகக் கீழே இறங்கி, ஓரிடத்தில் முட்டி, முழங்கையை மடக்கின மாதிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இன்னொன்றைப் பிடுங்கினாள். அதுவும் அதே ஆழத்தில், அதே மடக்கு. அந்த இடத்தில் உட்கார்ந்தவள்தான், இருட்டுகிற வரை எழும்பவில்லை. "அதும் பாவம், முட்டி முட்டிப் பாத்துட்டுத் திரும்பிருச்சு. என்னயப் போலதான்" என்றாள்.

போர்டிங்கில் தர்ஷிகா என்று ஒரு பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, விவசாயம் படிக்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தவள், ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்த சணப்பை வேரைக் கண்டுவிட்டாள். பெற்றீசியா அதைப் பையில் போட்டுக் கண்டிக்கே கொண்டுவந்திருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது.

"அன்ரி, இதேன் இப்பிடி மடங்கிக் கிடக்கு? கீழ கெட்டித்தரையோ?"

பெற்றீசியா பருப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். பிள்ளை கவனமாகக் கேட்டது.

"காய்ஞ்ச மண்ணில எந்த வேரும் திரும்பத்தான் செய்யும் அன்ரி. மழை நல்லாப் பிடிச்சு, மண் ஊறி இளகி இருக்கேக்க போடோணும். மெல்லிசு வேர் வெடிப்புத் தேடித்தான் போகும். வெடிப்பில்லாத இடத்தில தடிச்ச வேர்தான் முட்டித் தள்ளும். வெள்ளை முள்ளங்கி போட்டுப் பாருங்கோ, நீளமா இறங்கிற சாதி. ஐப்பசி மழையோட போடுங்கோ."

"முள்ளங்கியா! அதப் போட்டா நத்தாருக்கு முந்தி வெளஞ்சிருமே" என்று பெற்றீசியாவின் முகம் விரிந்தது.

"ஓம். ஆனா ஒண்டு அன்ரி, பிடுங்கப்படாது. அப்பிடியே மண்ணுக்குள்ள உக்க விடோணும். அது உக்கினாப் பிறகு அந்தத் துவாரத்தால தண்ணி இறங்கும், காத்து இறங்கும். அதுக்குப் பிறகு துவரை போட்டீங்கள் எண்டால் அதின்ர வேர் அந்த வழியாலயே போயிடும்."

பெற்றீசியாவின் கையிலிருந்த கரண்டி சட்டிக்குள் விழுந்தது. "சேசுவே! வெளஞ்ச முள்ளங்கிய மண்ணுக்குள்ளயே அழுக விடுறதா? சாப்புடுற சாமான தங்கச்சி, பாவமில்லையா?"

தர்ஷிகா சிரித்தாள். பெற்றீசியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பிடிச் சோறு கீழே விழுந்தாலே மனம் பதறும். ரொட்டிக்கு மாப் பிசைந்த தட்டையும் வழித்துக் கழுவி அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றுகிற ஜாதி. ஒரு பாத்தி முள்ளங்கியை வேண்டுமென்றே அழுகவிடுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் கபிரியேலிடம்?

சொல்லவில்லை. இன்னொரு பயமும் இருந்தது அவளுக்கு. ஒன்று நின்று காட்டட்டும் என்றல்லவா மனுசர் சொல்லியிருக்கிறார்? அழுக விடத்தான் வளர்க்கிறேன் என்றால், அதென்ன வெள்ளாமை, அது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டால்? பச்சையாக இலையைப் பார்க்கட்டும், மனம் இளகட்டும், பிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். புருசன் பொண்டாட்டிக்குள் தள்ளிப்போடுகிற காரியமெல்லாம் எப்படி முடியும் என்று தெரியாதவளா அவள்? தெரிந்துதான் தள்ளிப்போட்டாள்.

ஐப்பசி மழை விழுந்து மண் நன்றாக ஊறிய பிறகு, கண்டிச் சந்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிவந்த விதையைப் போட்டாள். இந்த முறை முதல் நாளே ஒரு சத்தியம் செய்தாள், ஒன்றைக்கூடப் பிடுங்கிப் பார்ப்பதில்லை என்று. அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று அவளைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். முளை வந்தது. இரண்டிலை, நாலிலை, பிறகு சொரசொரவென்று பெரிய இலை. சனிக்கிழமைகளில் வந்து பாத்தியோரம் குந்தியிருப்பாள். கை தன்பாட்டில் போகும், இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். வெள்ளைத் தோள் மண்ணுக்கு மேலே தெரியத் தொடங்கிய கிழமை அவளுக்குப் பச்சைத் தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. கீழே என்ன நடக்கிறது? இறங்குகிறதா, முட்டிக்கொண்டு மேலே எழும்புகிறதா? "மாதாவே, நீதான் பாத்துக்கணும்" என்று விட்டுவிட்டாள்.

கபிரியேல் உட்காருகிற கதிரை இடம் மாறியிருந்தது. முன்பு ரோட்டைப் பார்த்தபடி முன்வாசலில் கிடக்கும். இப்போது பின்பக்கம் பாத்தியைப் பார்த்தபடி கிடந்தது.

நத்தாருக்கு முந்திய சனிக்கிழமைகளில் ஒன்று. காலையிலிருந்து விட்டுவிட்டு மழை. பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றே வந்தவள், சந்தியில் இறங்கி, நனைந்த செருப்போடு ஏற்றத்தில் நடந்தாள். வளைவு திரும்பினால் வீட்டின் பின்பக்கம் தெரியும். திரும்பினாள். பாத்தி மொட்டையாகக் கிடந்தது. ஓர் இலை இல்லை. வெறும் களி, மேலெல்லாம் காலடி, ஓரத்தில் சின்னமுத்துவின் திரீவீலர்.

பெற்றீசியா வளைவிலேயே நின்றுவிட்டாள். கொடுத்துவிட்டாரா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தே விட்டாரா? நத்தார் வரைக்கும் பொறுக்கவில்லையா மனுசருக்கு? மிச்சத் தூரத்தை எப்படி நடந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கதவைத் தள்ளினால் வீடெல்லாம் தாளித்த வாசம். கபிரியேல் குசினியில் நின்றார். ஒரு கை அகப்பையில், ஒரு கை இடுப்பில். கல்யாணம் கட்டின நாளிலிருந்து தேத்தண்ணிக்கு மேல் அடுப்பில் எதையும் வைக்காத மனுசர்.

"வந்துட்டியா? காலக் கழுவிட்டு வா புள்ள. இங்க வந்து பாரு!"

பேசின் நிறைய முள்ளங்கி. மண் போகக் கழுவி, வெள்ளை வெளேரென்று, ஒரே பக்கமாகத் தலை வைத்து அடுக்கியிருந்தார்.

"எல்லாத்தையும் புடுங்கிட்டேன். ஒன்னக்கூட விடல" என்றார் கபிரியேல்.

"ஏன்..." என்றாள்.

"ஏன்னா? பின்ன முத்திப் போயிராதா? ஒன்னு ரெண்டு பூவெடுக்கத் தொடங்கிருச்சு. நீ வந்து ஆற அமரப் பாக்குறதுக்குள்ள நாராப் போயிரும். அதான் காலையிலருந்து புடுங்குனேன், மழையோட மழையா. சின்னமுத்து மழைக்கு வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு வந்து, குடுங்கண்ணே நான் புடுங்குறேன்னான். விடலயே! அவனுக்கும் ரெண்டு குடுத்து, 'பாத்துக்கடா, இது வண்டி நிறுத்துற எடமில்ல, வெள்ளாம வெளயுற எடம்'னு சொல்லி அனுப்பிட்டேன்." அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன் பெற்றீசியா. ஒன்னு நின்னு காட்டணும்னேன், காட்டிருச்சு. நம்ம எங்கயும் போவல."

பெற்றீசியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று சொல்வார்களே, அதை அவள் அன்றைக்குத்தான் அனுபவித்தாள். மண் மிஞ்சியது, போட்ட பாடு போயிற்று. உக்க வேண்டியதெல்லாம் பேசினில் பளபளவென்று கிடக்கிறது. இனி அடுத்த ஐப்பசி வரை அந்தத் தரை பழையபடி கல்தான். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பலகையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல மெல்ல உட்காருவதைப் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் மஞ்சள் களி. வாயை மூடிக்கொண்டாள்.

காலைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் சோறு போட்டு, முள்ளங்கிக் கறியை ஊற்றினார். உப்புத் தூக்கலாக இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு பிசைந்தாள். கபிரியேல் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விசயம். கோவிச்சுக்காத."

"என்னா?"

"பாதிக்கு மேல முழுசா வரல புள்ள. இழுக்க இழுக்க நடுவுல படக்கு படக்குன்னு ஒடஞ்சிருச்சு. மேல்பாதிதான் கைக்கு வந்துச்சு. அந்தா பேசின்ல அடியில கெடக்குறதெல்லாம் துண்டுதான், நல்லத மேல வச்சிருக்கேன். அடிப்பாதி பூராம் மண்ணுக்குள்ளயே மாட்டிக்கிச்சு. என்னா புடி புடிச்சிருக்குங்குற!"

பெற்றீசியாவின் கை தட்டில் நின்றது.

"எவ்வளவு ஆழத்துல?"

"குடைக்கம்பி ஒன்ன உட்டுப் பாத்தேன். நம்ம சணப்பை முட்டித் திரும்புச்சே, அதுக்கும் கீழ போவுது. வேலையத்த முள்ளங்கி, அம்புட்டுத் தூரம் எதுக்கு எறங்குச்சோ!" அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "சாப்புடுற சாமான், இப்புடி வீணாக்கிப்புட்டேன். உள்ள கெடந்து அழுகித்தான போவும்? நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத. நாளைக்குப் பூச முடிஞ்சு வந்ததும் மம்பட்டியப் போட்டு ஒன்னு விடாமத் தோண்டி எடுத்துர்றேன்."

பெற்றீசியா எச்சில் கையோடு எழுந்தாள். கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மம்பட்டியை இடக்கையால் தூக்கி, உள்ளறைக்குக் கொண்டுபோய், கட்டிலுக்கடியில் சுவர் முட்டும் வரை காலால் தள்ளிவிட்டு வந்து, பழையபடி உட்கார்ந்து, கறிக்குத் தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.